உடப்பில் பூமி நடுங்குமா?

கேள்வி:

ஐயா, எங்களுடையது உடப்பில் கரைவலைக் குடும்பம். துருக்கி, மியன்மார் என்று நிலநடுக்கக் காட்சிகள் கைபேசியில் வந்துகொண்டே இருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துவிட்டது. எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்னால் கடல், பின்னால் களப்பு, நடுவில் மணல், அதன்மேல் சுவரோடு சுவர் முட்டும் வீடுகள். ஆடி மாதம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வெளியூர்ச் சனமும் சேர்ந்துவிட்டால் கால் வைக்க இடமிருக்காது. அந்த நேரத்தில் பூமி ஆடினால் என்ன ஆகும்? 2004 சுனாமியில் எங்கள் ஊர் பெரிய சேதமில்லாமல் தப்பியது. அதனால் என் தகப்பனார், "நம்முடையது மேற்குக் கடல், இங்கே அது வராது" என்று அடித்துச் சொல்கிறார். நான் மேல்மாடி எடுக்க நினைக்கிறேன், மனைவி வேண்டாம் என்கிறார். சுனாமி என்றால் கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓடச் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கமும் எங்களுக்குத் தண்ணீர்தானே? கடைசியாக என் மகள் கேட்கச் சொன்னது: மிருகங்களுக்கு முன்பே தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

– சம்மாட்டி ஒருவர், உடப்பு

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் பின்னிக் கிடக்கின்றன. காலடியில் பூமி ஆடி வீடு தலையில் விழுமோ என்பது ஒன்று. எங்கோ தொலைவில் ஆடியது கடல்வழியாக உங்கள் முற்றத்துக்கு வந்து சேருமோ என்பது மற்றது. நீங்கள் கைபேசியில் பார்க்கும் காட்சிகள் முதலாவதைப் பற்றியவை. உடப்பில் குடியிருப்பவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதென்றால் இரண்டாவதை எண்ணிக் கெடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் முதலாவதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

2023 பெப்ரவரியில் துருக்கியிலும் 2025 மார்ச்சில் மியன்மாரிலும் ஆடியது, புவித்தட்டுகள் ஒன்றையொன்று உரசி நகரும் எல்லைகளில். இலங்கை அப்படியான எல்லையில் இல்லை. நமக்குக் கிட்டிய எல்லை, சுமாத்திராவுக்கும் அந்தமானுக்கும் மேற்கே கடலடியில் ஓடும் அகழி. அது இங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் கிடக்கிறது. இலங்கையும் தென்னிந்தியாவும் ஒரே தட்டின் உட்பகுதியில், மிகப் பழைய பாறைமேல் உட்கார்ந்திருக்கின்றன. புத்தளம் பக்கத்தில் அந்தப் பாறையின்மேல் ஒரு சுண்ணாம்புக்கல் படுக்கை உண்டு. அருவக்காட்டில் சீமெந்துக்காக வெட்டி எடுக்கிறார்களே, அதேதான். உங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் மேலே மணல்.

தட்டின் நடுவில் இருந்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நம்பியிருந்த இடங்களில் ஒன்று மகாராட்டிரத்து லாத்தூர் மாவட்டம். 1993 செப்ரெம்பர் 30, விடிவதற்கு முன், விநாயகர் விழாவை முடித்துவிட்டு ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் கில்லாரியைச் சுற்றிய கிராமங்கள் சரிந்தன. அளவு 6.2 தான். உலகக் கணக்கில் இது நடுத்தரம். இறந்தவர்களோ ஏறத்தாழ பத்தாயிரம் பேர். மண்சாந்தில் அடுக்கிய கனத்த கருங்கற் சுவர், அதன்மேல் வெயிலுக்காகப் போட்ட கனமான மண்கூரை. வெயிலைத் தடுத்த அந்தக் கூரையே உறங்கியவர்களை மூடிவிட்டது. நிலநடுக்கம் ஆளைக் கொல்வதில்லை, கட்டடம்தான் கொல்கிறது என்று எங்கள் துறையில் சொல்வார்கள். கில்லாரியைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இலங்கைக்கும் கதைகள் உண்டு. 1615 ஏப்ரல் 14இல் கொழும்பில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டு 200 வீடுகள் இடிந்து 2,000 பேர் இறந்ததாக அக்காலத்துப் போர்த்துக்கேயத் துண்டுப்பிரசுரம் ஒன்று சொல்கிறது. கோட்டை மதிலும் விழுந்ததாம். அக்காலத்துக் கொழும்பின் சனத்தொகைக்கு அந்த எண்ணிக்கை பெரிதாகப் படுகிறது. எழுதியவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்றுமே நடக்காமல் ஒருவர் இப்படி எழுதியிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. உங்கள் ஊருக்கு இன்னும் கிட்டியது 1938இல் மன்னார் வளைகுடாவில் பதிவான நடுக்கம். அளவு 6க்குச் சற்றுக் குறைவு. அண்மைக்காலத்தில் 2020இல் கண்டிப் பக்கம் திகனையிலும் 2023இல் புத்தளைப் பக்கமும் சிறிய அதிர்வுகள் வந்தன. அவற்றைப் பல்லேகலையிலும் வேறு இடங்களிலும் உள்ள கருவிகள் பதிவு செய்தன. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் அவற்றைக் கவனித்துவருகிறது. ஊர்ச்சனம் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்ததோடு அவை முடிந்தன.

இவ்வளவையும் வைத்து என் தீர்ப்பு: உங்கள் ஆயுளில் உடப்பில் சுவர் வெடிக்கிற அளவுக்குப் பூமி ஆடுவதற்கான வாய்ப்பு மிகச் சிறிது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். வீடு கட்டும்போது மட்டும் அதை நினைவில் வையுங்கள்.

மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஊரில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கரைவலை இழுத்து முடிந்த நேரத்தில், அலை திரும்பிப் போன ஈரமணலில் நின்று, குதிகாலை இடைவிடாமல் அசைத்துப் பாருங்கள். இறுகியிருந்த மணல் இளகும், நீர் மேலே கசியும், கால் கணுக்கால்வரை இறங்கும். அசைப்பதை நிறுத்தினால் மணல் மறுபடி இறுகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்திருப்பார்கள். மணிகளுக்கு இடையிலுள்ள நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுகிறது. மணல் சற்று நேரத்துக்குத் திரவமாக நடந்துகொள்கிறது. இதே காரியத்தை ஒரு நகரத்தின் கீழே பூமி செய்தால் என்ன ஆகும் என்பதை 2018 செப்ரெம்பர் 28இல் இந்தோனேசியாவின் பாலு நகரம் கண்டது. குடாக்கடலின் முனையில் நெருக்கமாகக் குடியேறிய ஊர் அது. 7.5 அளவில் நிலம் ஆடிய சில நிமிடங்களுக்குள் கரையில் அலை ஏறியது. அதே வேளை உள்ளே பெத்தோபோ, பலரோவா ஆகிய குடியிருப்புகளில் நிலமே குழம்பாகி, வீடுகளையும் தென்னைகளையும் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான மீற்றர் நகர்ந்தது. மொத்தத்தில் 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே கடலுக்கு எதிர்ப்பக்கம், உள்ளே இருந்தவர்களையும் அந்த நிலம் விழுங்கியது.

இப்படி ஆவதற்கு இளமையான தளர்ந்த மணல் வேண்டும், கிணற்றில் எட்டித் தொடுகிற ஆழத்தில் தண்ணீர் வேண்டும், பலத்த நீண்ட ஆட்டமும் வேண்டும். முதலிரண்டும் உங்களிடம் தாராளமாக இருக்கின்றன. மூன்றாவது இல்லாததால்தான் நிம்மதியாக இருக்கிறீர்கள். கோயில் தீமிதிப்பு நாளில் ஆடினால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். மண்ணைவிட நான் பயப்படுவது கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் மதிலுக்கும் நெரிசலுக்கும்தான். ஆட்டம் சில வினாடிதான் இருக்கும், நெரிசல் அதற்குப் பிறகும் ஆளை மிதிக்கும். வெட்டவெளியில் நிற்பவர்கள் அப்படியே குந்திவிடுவதே மேல். வாசல் தேடி ஓடுவது வேண்டாம். இதை ஒலிபெருக்கியில் சொல்லக்கூடிய ஒருவர் திருவிழாக் குழுவில் இருந்தால் போதும்.

இனி மேல்மாடி. உங்கள் மனைவியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, உங்கள் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. யார் வெல்வது என்பதைத் தூண்களிடம் விட்டுவிடுவோம். வெறும் சீமெந்துக்கல் அடுக்கிய சுவரின்மேல் தட்டு வார்த்து, அதன்மேல் இன்னொரு வீடு என்றால் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். மூலைகளில் கம்பித் தூண், அடியில் தூண்களை இணைத்து ஓடும் உத்திரம், கதவு யன்னல்களின் தலைக்கு மேலே வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓடும் கொங்கிறீட் பட்டி, இவை இருந்தால் மேலே ஏறலாம். மேசனிடம் ஒரு விடயத்தைக் கட்டாயமாகக் கேட்டுப் பாருங்கள். தூணின் நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிச் சதுரமாக வளையம் கட்டுவார்களே, அந்த வளையத்தின் இரு முனைகளும் தூணின் நடுவை நோக்கி உள்ளே மடிந்திருக்கின்றனவா? வழக்கமாக முனைகளை வெறும் செங்கோணமாக மடித்து விட்டுவிடுவார்கள். ஆட்டம் வந்து வெளிப்பூச்சு உதிர்ந்ததும் அந்த வளையம் வாய் பிளந்துவிடும், நிமிர்ந்த கம்பிகள் வளைந்து தூண் இருந்த இடத்திலேயே நொறுங்கும். 135 பாகைக்கு உள்நோக்கி மடித்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். செலவில் வித்தியாசம் ஒரு சாண் கம்பி.

அதைவிடக் கரையோர வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது உப்பு. கரையில் அள்ளிய மணலையும் சவர்த்தண்ணீரையும் கொங்கிறீட்டில் சேர்த்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பியைவிட இடம் அதிகம் கேட்கும். அதனால் உத்திரத்தின் அடியில் கம்பி போகும் வழியே நேர்கோட்டில் வெடிப்பு விழும், மண்ணிறக் கறை இறங்கும், பிறகு ஒருநாள் பூச்சு பலகை பலகையாக விழும். உங்கள் வீட்டு முன்விறாந்தை உத்திரத்தை இன்றைக்கே அண்ணாந்து பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் மேல்மாடிப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் கீழ்வீட்டைப் பாருங்கள், பூமி ஆடித்தான் அது விழ வேண்டும் என்று இல்லை. கடல்மணலைக் கழுவி உப்பு நீக்கி விற்கிறார்கள், அது வேறு. வாடிக்கு முன்னால் அள்ளியது கழுவிய மணல் ஆகாது.

இப்போது உங்கள் தகப்பனாரிடம் வருகிறேன். அவர் கடலைப் படித்த மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த அலை அவர் படித்த அலை இல்லை. 2004 டிசெம்பர் 26 காலை, நம் கடிகாரத்தில் 6.58க்கு, சுமாத்திராவின் வடமேற்கே கடலடி உடைந்தது. சில நூல்களில் 6.28 என்றிருந்தால் குழம்ப வேண்டாம். அப்போது இலங்கை நேரம் இப்போதையதைவிட அரைமணி முன்னால் இருந்தது, 2006இல்தான் திரும்பினோம். உடைவு ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குத் தெற்கிலிருந்து வடக்காக, பத்து நிமிடமளவு ஓடியது. கடற்பரப்பு தூக்கப்பட்டதில் எழுந்த அலைக்கு நுரை கிடையாது. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம். நாலாயிரம் மீற்றர் ஆழக்கடலில் அது மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஆழம் 20 மீற்றராகக் குறையும்போது வேகம் 50 கிலோமீற்றராகக் குறைந்து, அந்த நீரெல்லாம் பின்னால் குவிந்து உயரும். இவ்வளவு நீண்ட அலையை ஒரு தீவின் மூலை தடுக்காது. மூலையைச் சுற்றி வளைந்து போகும்.

கல்முனை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு எல்லாம் அலைக்கு நேர்முகமாக நின்றவை. இலங்கையில் இறந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதி கிழக்கிலும் தெற்கிலும்தான். ஆனால் தொடருந்தோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் எடுத்த பெரலிய எங்கே இருக்கிறது? ஹிக்கடுவைக்கு அருகே, மேற்குப் பார்த்த கரையில். அலை தெய்வேந்திரமுனையைச் சுற்றி, காலியைக் கடந்து, அங்கே வந்தது. இன்னும் அப்பால் போங்கள்: கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தின் ஆலப்பாடு, கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல்நாக்கு, உங்கள் ஊரைப் போலவே மீனவர் நெருங்கி வாழும் இடம். சுமாத்திராவுக்கும் அதற்கும் நடுவில் இலங்கைத்தீவும் இந்தியாவின் தென்முனையும் நிற்கின்றன. அங்கேயும் அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "மேற்குக் கடலில் வராது" என்று ஆலப்பாட்டுப் பெரியவர்களும் சொல்லியிருக்கக்கூடும்.

உடப்பு தப்பியது எதனால்? ஒவ்வொரு முனையாக வளைந்து வளைந்து வந்ததில் அலையின் வலு சிதறியது, மன்னார் வளைகுடா பக்கம் திரும்பியது மிச்சம்தான். மேற்கிலிருந்து வரக்கூடிய ஆபத்துக்கும் இதே கணக்கு. பாகிஸ்தான், ஈரான் கரைக்கு அப்பால் மக்ரான் என்ற இடத்தில் இன்னொரு தட்டெல்லை இருக்கிறது. 1945 நவம்பர் 28இல் அங்கே 8.1 அளவில் ஆடி எழுந்த அலை பம்பாய்வரை போய் ஆட்களைக் கொன்றது. மக்ரானிலிருந்து உங்களுக்கு நேர்கோடு போட்டால் நடுவில் தென்னிந்தியா குறுக்கே நிற்கும். ஆக, கிழக்கே சொந்தத் தீவு மறைக்கிறது, வடமேற்கே இந்தியா மறைக்கிறது. நல்ல மூலையில்தான் ஊர் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் தகப்பனாரிடம் சொல்லுங்கள். மறைவு அலையைத் தணிக்கும். வரவே வராது என்று எழுதிக் கொடுக்காது.

இங்கேதான் எனக்குக் கவலையான விடயம் வருகிறது. 2004இல் காலை ஏழு மணிக்கு உடைந்தது, கொழும்புக்கு அலை வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரமும் தென்மேற்குக் கரையில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியவில்லை. தரை ஆடியதை உணர்ந்தவர்கள் மிகக் குறைவு. சுமாத்திராவுக்கு அருகே சிமலூ என்றொரு தீவு இருக்கிறது. 1907இல் அங்கே பெரும் அலை வந்து பலரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: பலமாகப் பூமி ஆடினால் எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு. 2004இல் உடைவுக்கு மிக அருகில் இருந்தும் அந்தத் தீவின் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர். உலகமெங்கும் எடுத்துக்காட்டும் கதை இது, நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் உடப்பில் இதை அப்படியே நட்டால் முளைக்காது. சிமலூ மக்களுக்குப் பூமியே மணி அடித்தது. உங்களுக்கு அந்த மணி கேட்காது. அதனால் வலை இழுக்கும்போது நீங்கள் பாடும் அம்பாப் பாட்டில் யாராவது ஓரடி சேர்ப்பதென்றால் "பூமி ஆடினால் ஓடு" என்று சேர்ப்பதோடு நிற்க வேண்டாம். அறிவிப்பு வந்தால் வலையை விடு என்றும் சேர்க்கச் சொல்லுங்கள்.

"கடல் உள்வாங்கினால் ஓடலாம்தானே" என்று கேட்பீர்கள். உள்வாங்கினால் கட்டாயம் ஓடுங்கள். ஆனால் உள்வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். 2004இல் உடைவின் கிழக்குப் பக்கம், தாய்லாந்துக் கரையில், கடல் முதலில் பின்வாங்கியது. நம் பக்கம் கடலடி மேலே தூக்கப்பட்டதால் கிழக்குக் கரையில் நீர் முதலில் ஏறியே வந்தது. வடிந்தது அதற்குப் பிறகு. வடிந்த கடலில் மீன் பொறுக்கப் போனவர்களைத் தூக்கியது அதற்கும் அடுத்த, இன்னும் பெரிய அலை. முதல் அலைதான் பெரிது என்ற விதி கிடையாது. பல மணி நேரத்துக்கு வந்துகொண்டே இருக்கலாம்.

அப்படியானால் யார் மணி அடிப்பது? இந்து சமுத்திரத்துக்கு 2004இல் எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. இப்போது ஹைதராபாத்தில் இந்தியாவும், அவுஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் கணித்துத் தகவல் அனுப்புகின்றன. நில அதிர்வுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முதல் அறிவித்தல் வந்துவிடும். நம் நாட்டில் வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கையைத் தீர்மானிக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மாவட்டத்துக்கும் பொலிசுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கடத்துகிறது. அவசர இலக்கம் 117. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்களும் வைத்தார்கள், ஆனால் உப்புக் காற்றில் நிற்கும் எந்தக் கருவியையும் நம்பி நான் தூங்க மாட்டேன். கோயில் ஒலிபெருக்கி உங்களிடம் இருக்கிறது. அது தினமும் வேலை செய்கிறது, அதை இயக்கத் தெரிந்தவர் ஊரிலேயே இருக்கிறார். கிராம உத்தியோகத்தரின் தொலைபேசிக்கும் அந்த ஒலிபெருக்கிக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஊர் குறைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் ஆடியபோது இங்கேயும் எச்சரிக்கை விடுத்தார்கள். கரையோரச் சனம் உள்ளே போனது. அலை வரவில்லை. "சும்மா ஓடவிட்டார்கள்" என்று அன்றைக்குத் திட்டாதவர் குறைவு. அந்த உடைவில் கடலடி பக்கவாட்டில் வழுக்கியது, மேலே தூக்கவில்லை. அதனால் நீர் பெரிதாகக் கிளம்பவில்லை. இதைக் கணித்து உறுதி செய்யச் சில மணி நேரம் பிடிக்கும். அந்தச் சில மணி நேரத்துக்காக ஊர் எழுந்து நடப்பது நட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எந்தப் பக்கம் நடப்பது? உங்கள் கடிதத்தில் மிக நல்ல கேள்வி இதுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயும். கடல்நீர் முகத்துவாரம் வழியே புகுந்தால் களப்பிலும் மட்டம் ஏறும். ஆகவே களப்புக்கரையில் போய் நிற்பது பாதுகாப்பு ஆகாது. கால்வாய்க் கரையோரமாக நடப்பதும் கூடாது. தண்ணீரைக் கடந்து பத்துளுஓயாப் பக்கம், பிரதான வீதியை நோக்கிப் போக வேண்டும். சுமாத்திராவிலிருந்து வருவதென்றால் அறிவித்தல் வந்த பிறகும் உங்கள் கையில் இரண்டு மணி நேரமாவது இருக்கும். பிள்ளைகுட்டியோடு, வயோதிபரைக் கைபிடித்து மெதுவாக நடந்தாலும் அதற்குள் பல கிலோமீற்றர் போய்விடலாம். நடப்பதுதான் முக்கியம். எல்லோரும் ஓட்டோவையும் லொறியையும் எடுத்தால் பாதை அடைபட்டுப் போகும், அதற்குப் பிறகு நடப்பவருக்கும் வழியில்லை. நடக்கவே முடியாதவர்களுக்காக மட்டும் வாகனத்தை ஒதுக்குங்கள். அவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது உங்கள் ஊர்ப் பெண்களுக்கு எந்தக் காரியாலயத்தையும்விட நன்றாகத் தெரியும்.

உடப்பிலேயே பலமாக, நின்று பேச முடியாத அளவுக்குத் தரை ஆடினால் கணக்கு வேறு. அப்போது அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரம் இருக்குமோ தெரியாது, எனவே அருகிலுள்ள உறுதியான கம்பிக் கொங்கிறீட் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறுங்கள். உங்கள் மேல்மாடி ஒழுங்காக எழுந்தால் அயலவர்க்கும் உதவும், இதையும் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: கரையிலுள்ள மணல்மேட்டை வாடிக்கோ பாதைக்கோ வெட்ட வேண்டாம். 2004இல் யாலையில், கடல் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மேட்டை வெட்டிய விடுதி ஒன்று அடியோடு போனது. மேடு அப்படியே இருந்த பக்கங்களில் தண்ணீர் அதைத் தாண்டவில்லை.

கடலில் இருப்பவர்களுக்குக் கணக்குத் தலைகீழ். ஆழக்கடலில் நிற்கும் வள்ளத்தின் கீழே சுனாமி கடந்து போனாலும் தெரியாது. அறிவித்தல் கேட்டால் கரைக்கு வராமல், ஐம்பது அறுபது பாகத்துக்கு மேல் ஆழமுள்ள இடத்துக்குப் போய் நில்லுங்கள், அனுமதி வந்த பிறகு திரும்புங்கள். கரைவலைக்காரருக்கு அந்த வசதி இல்லை. மடி கரைக்கு அண்மித்துவிட்ட நேரத்தில் இலட்சக்கணக்கான ரூபா வலையையும் மீனையும் விட்டுவிட்டு வா என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்குச் சுலபமில்லை என்று தெரியும். அதனால்தான் அந்த முடிவை இழுக்கிற ஆட்களிடம் விடாமல், சம்மாட்டியாகிய நீங்களே இப்போதே எடுத்து அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். நீங்கள் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர்களும் நிற்பார்கள்.

மகளுக்கு: 2004க்குப் பிறகு யாலையில் மிருகங்களின் உடல்கள் அதிகம் கிடைக்கவில்லை என்று உலகமெல்லாம் எழுதினார்கள். யானைகள் முன்பே அறிந்து ஓடின என்ற கதை அப்படித்தான் பிறந்தது. ஆனால் அந்த நேரத்தில் அங்கே சில யானைகளின் கழுத்தில் ஆய்வாளர்கள் செய்மதிப் பட்டி கட்டியிருந்தார்கள். பிறகு அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், அந்த யானைகள் அலைக்கு முன்னால் கடலை விட்டு ஓடவில்லை, வழக்கமான நாள்போலவே நடமாடியிருக்கின்றன. ஆகவே நாயையும் காகத்தையும் கவனிக்கும் பொறுப்பை மகளுக்குக் கொடுக்க வேண்டாம். 117 என்ற இலக்கத்தை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் பதிந்து, தாத்தாவின் கைபேசியிலும் பதிந்துவிட்டு, அதை எப்படி அழுத்துவது என்று அவருக்குக் காட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள்.